கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்கிற பாட்டு

என்ன பாட்டு போடட்டும்?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. ஏழு வருடம் தினமும் இதை மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்தான் என்பதால் வெளியில் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

திருத்தணியில் ஒரு சின்ன மகளிர் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். காலையில் வருகிற பெண்கள் கர்ப்பப்பை சம்பந்தமான சின்னச் சின்னச் சிகிச்சைகளை முடித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். காப்பர்-டி வைப்பது, எடுப்பது, உள்ளிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது, மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பது, இப்படி. முழு மயக்கம் கொடுப்பதில்லை. வலி மாத்திரை ஒன்று, தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி, அதற்கு மேல் ஒரு பாட்டு. மாத்திரையும் ஊசியும் டாக்டரம்மாவின் பொறுப்பு. பாட்டு என் பொறுப்பு.

போன வாரம் பவித்ரா போன் செய்தாள். நான் வேலையை விட்டதும் என் இடத்துக்கு வந்த பெண்.

“அக்கா, உங்க கேஸ் ஷீட்ல பாட்டுன்ற எடம் காலியா கீது. இன்னா எழுதட்டும்?”

“அப்புறம் சொல்றேன் பவி.”

“போன மாசமும் இதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின மாசம் பாப்பாவுக்கு சளின்னீங்க. காப்பர்-டி வைக்கப் போறது உங்களுக்கா, பாப்பாவுக்கா?”

பிறகு அவளே பேச்சை மாற்றினாள். புதிதாக இரண்டு பெண்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்களாம். “நீங்க ரிடையர் ஆனவங்க. உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க. எங்களுக்கு ஆவும்” என்றாள்.

எனக்கு முப்பத்தொரு வயது. மடியில் எட்டு மாதப் பெண் குழந்தை. ஓய்வு என்ற சொல்லை எழுதுவதற்கே மூன்று முறை எழுந்து போய்த் தொட்டிலை ஆட்டிவிட்டு வந்தேன். இருந்தாலும் பவித்ரா கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதோடு, என் கதையைச் சொன்னால்தான் அந்தக் காலி இடத்தில் நான் ஏன் திணறுகிறேன் என்பதும் புரியும்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. என் ஊர் மணவூர். மூன்று வருடம் காலையில் மணவூரில் ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கினேன், மாலையில் திருவள்ளூரில் ஏறி மணவூரில் இறங்கினேன். நடுவில் ஊசி போடக் கற்றுக்கொண்டேன். மாலை ரயிலில் தூங்கிவிட்டால் வண்டி மணவூரைத் தாண்டி திருவாலங்காடு, மோசூர் என்று இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் தூங்காமல் இருக்க நிலையங்களின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவேன். பிறகு கல்யாணம், திருத்தணி, இந்த வேலை.

டாக்டரம்மா ஐம்பதைத் தாண்டியவர். குரலை உயர்த்தியதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், நாம் கிட்டே போய்த் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் நாளே என்னைக் கிட்டே கூப்பிட்டார். நான் ஒரு நோயாளியிடம் “எறும்பு கடிக்கற மாதிரிதான் இருக்கும்” என்று சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது.

“அந்த எறும்ப நீ பாத்திருக்கியா?”

“இல்ல டாக்டர்.”

“நானும் பாத்ததில்ல. இருபத்தஞ்சு வருஷமா எல்லாரும் அது மேலயே பழி போடறாங்க. இழுக்கும், எப்ப இழுக்கும்னு முன்னாடியே சொல்லுவோம், கைய தூக்கினா நிறுத்திடுவோம். இத மட்டும் சொல்லு.”

அவர் எந்த நோயாளிக்கும் சொன்னது இந்த மூன்றுதான். மூன்றையும் ஒருமுறைகூட மீறியதில்லை. கை தூக்கினால் நிறுத்துவார். மூக்கைச் சொறியத் தூக்கினாலும் நிறுத்துவார்.

பாட்டு யோசனையும் அவருடையதுதான். எங்கோ மருத்துவர்கள் கூட்டத்துக்குப் போனபோது, சிகிச்சை நேரத்தில் பிடித்த பாட்டு ஓடினால் சிலருக்கு வலியும் பயமும் குறைகிறது என்று யாரோ பேசினார்களாம். “எல்லாருக்கும் குறையும்னு நா சொல்ல மாட்டேன். ஆனா மருந்துக்கு மாதிரி இதுக்கு சைடு எஃபெக்ட் இல்ல. செஞ்சு பாப்போம்” என்று ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி வந்தார். இத்தனைக்கும் அவருக்குப் பாட்டென்றால் சுத்தமாக ஆகாது. தேசிய கீதத்தையே எல்லோரும் எழுந்து நிற்பதை வைத்துத்தான் கண்டுபிடிப்பதாக அவரே சொல்லுவார். அது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. எந்தப் பாட்டு ஓடினாலும் அவர் கை ஆடாது.

ஸ்பீக்கரை நோயாளியின் இடது தோள் பக்கம் வைக்க வேண்டும். காதில் மாட்டும் கருவி கூடாது, ஏனென்றால் அவர் சொல்வது நோயாளிக்குக் கேட்க வேண்டும். சத்தம் எவ்வளவு வைப்பது என்பதற்கு அவர் ஒரு சோதனை வைத்திருந்தார். என்னை மேஜையில் படுக்கச் சொல்லி, பாட்டைப் போட்டுவிட்டு, “போதும்னு மெதுவா சொல்லு” என்பார். கால்மாட்டில் நிற்கும் அவருக்குக் கேட்டால் அதுதான் அளவு. முதல் வாரம் முழுக்க நான் அங்கே படுத்துக்கொண்டு “போதும், போதும்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்ட வந்த இரண்டு பேர் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.

நோயாளி வந்ததும் மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைப்போம். பிரஷர் பார்த்து, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, பச்சைத் துணியைக் கையில் கொடுக்கும்போது நான் கேட்பேன்: “என்ன பாட்டு போடட்டும்?” பதிலைக் கேஸ் ஷீட்டின் மூலையில் எழுத வேண்டும், ரத்த வகைக்குக் கீழே.

ஆரம்பத்தில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நகரி பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் வேகமான தெலுங்குப் பாட்டு ஒன்றைக் கேட்டாள். போட்டேன். பல்லவி முடிவதற்குள் இரண்டு காலும் தாங்கியில் இருந்தபடியே ஆட ஆரம்பித்துவிட்டன. டாக்டரம்மா கருவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சரணத்தில் அடங்கும் என்று பார்த்தார், சரணம் இன்னும் மோசம். “தாளம் நல்லாதாம்மா கீது. ஆனா நீ நிறுத்தினாதான் நா ஆரம்பிக்க முடியும்” என்றார். அன்றிலிருந்து ஆட்டப் பாட்டு கிடையாது.

பம்பை, உடுக்கைச் சத்தம் வருகிற சாமிப் பாட்டும் கிடையாது. இதை நான் தெரிந்திருக்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு இந்த ஊர்த் தெருவில் நின்றவர்கள் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. “முருகன் பாட்டு ஏதாச்சும் போடுமா” என்று ஒரு அம்மா சொன்னார், நான் கைக்கு முதலில் கிடைத்ததைப் போட்டேன். இரண்டாவது நிமிடம் மேஜை மேலேயே அவருக்குச் சாமி வந்துவிட்டது. நல்ல வேளையாக டாக்டரம்மா அப்போது ஆரம்பிக்கவில்லை. கையுறையோடு கும்பிட்டு, “சாமி, இந்த வாட்டி மலையேறிடு. எனக்கு வேல கீது” என்றார். சாமி எலுமிச்சம்பழம் கேட்டது. மருத்துவமனையில் எலுமிச்சம்பழம் ஏது? டாக்டரம்மாவின் சாப்பாட்டு டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய் இருந்தது. நான் ஓடிப்போய் ஸ்பூனோடு கொண்டுவந்தேன். சாமி ஒரு துண்டை எடுத்துச் சப்பிவிட்டு, உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனது.

இன்னொரு நாள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என் போனில். அதில் என் அத்தை, அதாவது மாமியார், கூப்பிட்டார். நான் நிறுத்தப் போய் எடுக்கும் பொத்தானை அழுத்திவிட்டேன். ஸ்பீக்கர் வழியாக அறை முழுக்க அவர் குரல்: “வரும்போது வெண்டக்கா வாங்கினு வா. போன வாட்டி மாதிரி முத்தலா வாங்காத. நுனிய ஒடிச்சு பாரு. ஒடிக்கத் தெரியலன்னா கடக்காரன ஒடிக்கச் சொல்லு. கேக்குதா?” மேஜையில் இருந்த பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் சிரித்து முடிப்பதற்குள் டாக்டரம்மா காப்பர்-டியை வைத்து முடித்துவிட்டார்.

“பாட்ட விட உங்க அத்த நல்லா வேல செய்றாங்க” என்றார் கை கழுவும்போது. பாராட்டா, திட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பெண் ஊரில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அடுத்த மாதம் அவளுடைய ஓரகத்தி வந்து, “எனக்குப் பாட்டு வேணாம் சிஸ்டர், அந்த வெண்டக்காவ போடுங்க” என்றாள்.

இப்படியே சிரித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு சத்துணவு டீச்சர் திரும்பி வந்தார். ஆறு மாதம் முன்பு அவருக்குக் கேமரா வைத்துப் பார்த்திருந்தோம். பழைய மெல்லிசை ஒன்றைக் கேட்டிருந்தார், முகம் சுளிக்காமல் படுத்திருந்தார், எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது. இப்போது புகார் சொல்ல வந்திருந்தார்.

“அந்தப் பாட்டு எங்க கல்யாண வீடியோல வருது சிஸ்டர். இப்ப வீடியோ போட்டா, கரெக்டா தாலி கட்டற எடத்துல எனக்கு அடிவயிறு இழுக்குது.”

“வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேனே. ‘எனக்கு அந்த எடத்துல அன்னைக்கே இழுத்துச்சு’ன்றாரு.”

நான் சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. “சைடு எஃபெக்ட் இல்லன்னு நெனச்சேன். கீது. எழுதிக்கோ” என்றார். அன்றிலிருந்து என் கேள்வி நீண்டுவிட்டது. என்ன பாட்டு போடட்டும், கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்கிற பாட்டாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டதும் பெண்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். பிடிக்காத பாட்டு வலிக்கு உதவாது, பிடித்த பாட்டைப் பலி கொடுக்க மனம் வராது. நடுவில் ஒன்று தேட வேண்டும். மாத்திரை வேலை செய்யத் தேவைப்படும் அந்த ஒரு மணி நேரம் அவர்களுக்கு அதிலேயே போய்விடும், பயப்படக்கூட நேரம் இருக்காது. அதுவும் ஒரு நன்மைதான் என்று அப்போது நினைத்தேன். இப்போது அந்த நாற்காலியில் நானே உட்கார வேண்டி வந்த பிறகு, அப்படி நினைத்தது சரியா என்று சந்தேகமாக இருக்கிறது.

புதிய பெண்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது லோகம்மாவைப் பற்றி.

லோகம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆர்.கே.பேட்டை பக்கம், வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறி. புருஷன், தம்பி, இவள் மூன்று பேருமாக லுங்கி நெய்கிறார்கள். மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆனபிறகு மறுபடி ரத்தம் பட்டிருக்கிறது. ஸ்கேனில் உள்சுவர் தடித்திருந்தது.

“துளி சதை எடுத்து அனுப்பணும். ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம், புத்துநோயாவும் இருக்கலாம். இப்ப பாத்தா வழி கீது” என்றார் டாக்டரம்மா.

“பாக்காம வுட்டா?”

“தெரியாம இருப்ப.”

“அதுவே நல்லாத்தான் கீது.”

ஆனாலும் வந்தாள். முதல் முறை, நான் பெயரைக் கூப்பிட்டபோது நாற்காலி காலி. வாசலில் செருப்பு மட்டும் இருந்தது. இரண்டாவது முறை மேஜை வரைக்கும் வந்தாள். நான் ஸ்பீக்கரைத் திருகித் திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. இடுப்பில் பச்சைத் துணியோடு, அதன் மேல் புடவையைச் சுற்றிக்கொண்டு பஸ் நிலையம் போய் டவுன் பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் அதே பஸ்ஸின் கண்டக்டர் பச்சைத் துணியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முந்தின தடவை விட்டுப்போன செருப்பை வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாவது முறைக்கு நாள் குறிப்பதற்கு முன் நான் அவளை வரச் சொல்லி, உட்கார வைத்துப் பேசினேன். பல வருடம் முன்பு வேறெங்கோ, யாரோ ஒருவர், ஒரு வார்த்தையும் சொல்லாமல் உள்ளே கருவியை விட்டு இழுத்திருக்கிறார். “அந்த நெனப்பு வந்தா காலு தன்னால எறங்கி நடக்குது பாப்பா, நா இன்னா பண்ணட்டும்” என்றாள். மயக்கம் கொடுத்துச் செய்யும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறோம் என்றால், எழுந்திருக்காவிட்டால் என்ன செய்வது என்று அதற்கும் பயம். பாட்டும் வேண்டாம் என்றாள்.

“பாட்டு கேட்டுகினு படுத்தா வேல இல்லாம இருக்கறாப்ல கீது. அதுவே பயமா கீது.”

“அப்ப எதுலதான் உங்களுக்கு நிம்மதி?”

“தறி ஓடினா போதும். பக்கத்துல ஓடிகினே இருந்தா தூங்கியே பூடுவேன். நின்னாதான் பக்குன்னு முழிப்பு வரும்.”

அடுத்த வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. வயிற்றில் ஐந்து மாதம். டவுன் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். தறி ஓடுகிற சத்தத்தை இருபது நிமிடம் போனில் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொட்டகைக்குள் நின்றால் என் வயிற்றில் இருந்தது இடமும் வலமும் உதைத்தது. குழந்தையின் காதுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். லோகம்மாவின் புருஷன் கலர் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். இருபது நிமிடம் கழித்துப் போனை எடுத்தேன். பஸ்ஸில் முதல் இரண்டு நிமிடம் கேட்டுப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. மீதியைக் கேட்கவில்லை. நான் செய்த பிழை அதுதான்.

மூன்றாவது முறை லோகம்மா மேஜையில் படுத்தாள். தறிச் சத்தத்தைப் போட்டேன். தடக் தடக் என்று அது ஆரம்பித்ததும் அவள் தோள் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். மூச்சு தறியோடு சேர்ந்து ஓடியது. டாக்டரம்மா ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தார். “இப்ப குளிரும்.” “ஆங்.” “இப்ப ஊசி, சுருக்னு இருக்கும்.” “ஆங்.” “இப்ப உள்ள மெல்லிசா ஒரு குழா வருது. இழுக்கும்.” “ஆங்.” லோகம்மாவின் கண் பாதி மூடியிருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த மாதிரி யோசனை இதுவரை யாருக்காவது வந்திருக்குமா என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தறி நின்றது.

பதிவில்தான் நின்றது. அந்த அமைதியில் அவள் தம்பியின் குரல் ஸ்பீக்கரிலிருந்து தெளிவாக வந்தது: “அக்கா, இழ அறுந்துகிச்சு. வந்து கட்டு.”

“தோ வரேன்டா” என்று லோகம்மா முழங்கையை ஊன்றி எழுந்தாள். என் பிடியிலிருந்து கையை உருவி மேலே நீட்டினாள், இரண்டு விரல் ஒன்றையொன்று தேய்த்தபடி.

கை தூக்கிவிட்டாள். டாக்டரம்மா அசையாமல் நின்றார். குழாய் உள்ளே இருந்தது. ஸ்பீக்கரை அணைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் அணைத்தால் அமைதி இன்னும் நீளும். என் கை ஸ்பீக்கருக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

டாக்டரம்மா தலையை நிமிர்த்தாமல், ரொம்ப மெதுவாகக் கேட்டார். “லோகம்மா. இந்தக் கை என்னை நிறுத்தச் சொல்லுதா, தறிக்குப் போவுதா?”

“தறிக்குத்தான்மா. இழ அறுந்து பூச்சு.”

“நிறுத்தணும்னா சொல்லு, நிறுத்திடறேன்.”

“உங்கள யாரு நிறுத்தச் சொன்னது? தறி நிக்குது.”

“அப்ப நீ படு. இழைய நா கட்றேன்.”

லோகம்மா அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். “உங்களுக்குக் கட்ட வருமா?”

“நா தையல் போடற கைம்மா.”

“வெரல்ல ஈரம் இருக்கணும். காஞ்ச வெரலு முறுக்கினா நிக்காது.”

“ஈரமாதான் கீது.”

“முடிச்சு பெருசா போடாதீங்க. அச்சுல மாட்டும்.”

“சின்னதா போடறேன். இப்ப கொஞ்சம் இழுக்கும்.”

“இழுத்துதான் கட்டணும். இழுக்காம கட்டினா தொளதொளன்னு நிக்கும். நல்லா இழுங்க.”

முப்பது வருடத்துக்கும் மேலான தொழிலில் ஒரு நோயாளி அவரிடம் இப்படிச் சொன்னது அதுதான் முதல் முறையாக இருக்கும். டாக்டரம்மா இழுத்தார். “கட்டிட்டேன்” என்றார். அவர் சொல்லி முடிக்கவும் பதிவில் தறி மறுபடி ஓட ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. லோகம்மா “ஆங்” என்று தலையைத் தலையணையில் வைத்தாள். துளி சதை குப்பியில் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. புற்று இல்லை. மாத்திரையில் சரியாகிவிடும். “ஒண்ணுமில்லயா? இதுக்கா நா கண்டக்டர்கிட்ட துணி குடுத்தனுப்பிச்சேன்” என்றாள் லோகம்மா. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டாக்டரம்மாவுக்கு ஒரு லுங்கி பரிசாகக் கொடுத்தாள். எந்த அளவு என்று தெரியாமல் பெரியதாகவே கொடுத்திருந்தாள். இப்போது அது ஸ்பீக்கருக்குத் தூசி படாமல் மூடும் துணி.

எனக்கு அவளுக்காகச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சத்துணவு டீச்சர் ஞாபகம் வந்தது. அவருக்குக் கெட்டுப்போனது ஒரு பாட்டு. வருடத்துக்கு ஒருமுறை வீடியோ பார்க்காமல் இருந்தால் தீர்ந்தது. லோகம்மாவுக்குத் தறிச் சத்தம் கெட்டுப்போனால்? விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை அவள் அதற்குள் அல்லவா நிற்கிறாள். கெட்டுப்போனாலும் பரவாயில்லையா என்று எல்லோரிடமும் கேட்ட நான் அவளிடம் மட்டும் கேட்கவில்லை. நல்ல யோசனை என்ற பெருமையில் மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வேலையை விட்டேன், குழந்தை பிறந்தது, இந்தக் கவலை மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

மூன்று மாதம் முன்பு மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். பாப்பாவை வாங்கி வைத்துக்கொண்டாள். நான் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

“தறிச் சத்தம் கேட்டா ஏதாச்சும் பண்ணுதா உங்களுக்கு?”

“ஓடும்போது ஒண்ணும் பண்ணல. நின்னாதான் வயித்துல ஒரு இழுப்பு இழுக்குது.”

“ஐயோ.”

“இன்னாத்துக்கு ஐயோ? அதனால நா நிக்கவே வுடறதில்ல. இழ அறுற மாதிரி இருந்தாலே கண்டுபுடிச்சிடறேன். எங்க வீட்டுக்காரரு டாக்டரம்மா உனக்கு உள்ள இன்னா வெச்சாங்கன்னு கேட்டுகினு கீறாரு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வீடு வந்து சேர்வதற்குள் எனக்குச் சிரிப்புப் போய்விட்டது. நான் அவளுக்குச் செய்தது நல்லதா கெட்டதா? டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். “அவ உயிரோட கீறா, தறி ஓடுது. நீ எத எடுத்துக்கறியோ எடுத்துக்கோ” என்று வைத்துவிட்டார்.

இப்போது என் முறை.

இப்போதைக்கு இன்னொரு குழந்தை வேண்டாம் என்று நானும் கணவரும் முடிவு செய்து, காப்பர்-டி வைத்துக்கொள்ள நானேதான் டாக்டரம்மாவிடம் நாள் கேட்டேன். இரண்டு முறை தள்ளிப்போட்டாகிவிட்டது. அது எப்படி வைப்பது என்று ஒவ்வொரு நொடியும் எனக்குத் தெரியும், அதனால் பயம் குறைந்துவிடவில்லை. கணவர் ஒரு பாட்டைச் சொன்னார். அது அவர் குளிக்கும்போது பாடுகிற பாட்டு. கெட்டுப்போனால் தினமும் காலை ஏழு மணிக்கு எனக்கு வயிறு இழுக்கும். அத்தை பெரிய மனதோடு, “என் கொரல ரெக்காடு பண்ணிகினு போ, வெண்டக்கா இல்லாம கத்திரிக்கா பத்தியும் சொல்றேன்” என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் குரல் எனக்குக் கெட்டுப்போனால் ஒரே வீட்டில் எப்படி இருப்பது?

எனக்கு உண்மையில் அமைதி தருவது ஒன்றுதான், அது பாட்டே இல்லை. திருவள்ளூர், ஏகாட்டூர், கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம், மணவூர், திருவாலங்காடு, மோசூர், புளியமங்கலம், அரக்கோணம். தூங்காமல் இருக்க நான் சொல்லிக்கொண்டு வந்ததுதான். இப்போது அதே பெயர்களைச் சொன்னால்தான் பாப்பா தூங்குகிறாள். வேறு எந்தத் தாலாட்டுக்கும் அவள் மசியவில்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஒவ்வொரு நிலையமாகச் சொன்னால் மோசூர் வருவதற்குள் கண் மூடிவிடும். புளியமங்கலத்தைத் தாண்டியது இரண்டே முறை, இரண்டும் தடுப்பூசி போட்ட நாள்.

“பிரசவத்துல அததான சொல்லிகினு இருந்தீங்க, நாப்பது வாட்டி அரக்கோணம் போய் வந்தீங்களே. கெட்டுப்போச்சா? இல்லல்ல?” என்கிறாள், அன்றைக்கு என் கூடவே நின்ற பவித்ரா. சரிதான். ஆனால் அன்றைக்கு முடிவில் பாப்பா வந்தாள். இந்த முறை முடிவில் வரப்போவது காப்பர்-டி. இரண்டும் ஒன்றாகுமா? ஒருநாள் மதியம் தொட்டிலை ஆட்டும்போது திருவாலங்காட்டில் என் வயிறு இழுத்து நான் நிறுத்திவிட்டால், அவள் முழித்துக்கொண்டு மோசூர் எங்கே என்று என்னைப் பார்த்தால், நான் எதைச் சொல்லித் தூங்கவைப்பேன்? லோகம்மாவிடம் கேட்காமல் நான் எடுத்துப் போட்டதை, என் பிள்ளையிடம் கேட்காமல் நான் எடுத்துப் போடலாமா?

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த பிறகுதான் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் அந்தக் காலி இடத்தில் ஏதாவது எழுதியாக வேண்டும். இதற்கு மேல் தள்ளிப்போட்டால், மேஜையிலிருந்து இறங்கி ஓடிய லோகம்மாவிடம் எனக்கிருந்த கொஞ்ச மரியாதையும் போய்விடும். அவளாவது மூன்றாவது முறை படுத்தாள்.

ஆகவே இதைப் படிக்கிற அம்மாக்களைக் கேட்கிறேன். எனக்குப் புதிய பாட்டு எதுவும் சிபாரிசு செய்ய வேண்டாம், ஏற்கெனவே எழுபது பேர் சொல்லிவிட்டார்கள். உங்களில் யாராவது, வலிக்கும்போது பிடித்துக்கொண்ட ஒரு பாட்டையோ பேச்சையோ வீட்டுக்குக் கொண்டுபோய் உங்கள் பிள்ளைக்குச் சொன்னதுண்டா? சொல்லும்போது நடுவில் உங்களுக்கு இழுத்ததா? இழுத்தாலும் சொல்லி முடித்தீர்களா?

பிள்ளை தூங்கியதா? மற்றதற்கு நேரமில்லை என்றால் இந்த ஒன்றை மட்டுமாவது எழுதுங்கள்.